முதல் வாரத்துப் பெட்டைமான்

மார்லிஸ் காங்கஸ் அந்தப் பெட்டைமானைச் சுட்டது சரியா தவறா என்று எங்கள் ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. பெட்ரோல் பங்கில் காலைக் காபி குடிப்பவர்கள் ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சர்ச் வாசலில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பேசுகிறவர்கள் யாரும் அன்று காலை வேட்டைப் பரண்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. நானும் இல்லைதான். ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அதே பள்ளியின் சமையலறையில் மார்லிஸிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கேரட் சீவிக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் முழுதாகக் கேட்டவர் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மார்லிஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கவலைப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, வண்டிவரை போனவர் திரும்பி வருவார். ரொட்டி மாவு உப்பினால் அளவுக்கு மேல் உப்பிவிட்டதோ என்பார். உப்பாவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டதோ என்பார். "கவலைப்பட ஒண்ணுமில்லாத நாள் வந்தா, ஏன் ஒண்ணுமில்லைன்னு கவலைப்படுவா" என்பது அவருடைய கணவர் டேல் எப்போதும் சொல்வது.

டேல் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் சங்கிலி அறுந்து உருண்ட மரம் அவர் முதுகை முறித்துப் போட்டது. இப்போது சாலையோரத்துத் தபால் பெட்டிவரை நடப்பார், அதற்குமேல் முடியாது. வீட்டில் இரண்டு பையன்கள். இருவருக்கும், ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடும் வயது. மினசோட்டா மாநிலத்தின் இந்த வடக்குக் கோடியில் குளிர்காலக் கறி என்றால் எங்களுக்கு மான்கறிதான். நவம்பரில் சுட்டு, வெட்டி, காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் அடுக்கினால் பனி உருகும்வரை வரும். டேல் படுத்த பிறகு அந்த ஃப்ரீசரை நிரப்புவது மார்லிஸின் வேலையாகிவிட்டது.

அவர் சுடுவதில் குறையில்லை. வேட்டையாட நிலம்தான் அவருக்குச் சொந்தமாக இல்லை. காடு டேலின் அண்ணன் வெர்லினுடையது. வெர்லின் கெட்டவர் இல்லை. தம்பி விழுந்த குளிர்காலம் முழுவதும், கேட்காமலேயே வந்து அவர்கள் வீட்டு வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர் அவர். ஆனால் மான் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் வாரத்தில் யாரும் பெட்டையைத் தொடக்கூடாது. அவர் ஒரு நல்ல கொம்புள்ள கிடாவை வீழ்த்தும்வரை தொடவே கூடாது.

அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் வேட்டைக்காலமும் மான்கள் இணைசேரும் காலமும் ஒன்றாக வரும். அந்த நாட்களில் கிடா தின்னாது, படுக்காது, பட்டப்பகலில் பெட்டையின் வாசம் பிடித்து அலையும். வருடம் முழுவதும் கண்ணில் படாத கிழட்டுக் கொம்பன்கூட அப்போது வெளியே வரும். "பெட்டைதான் தூண்டில் புழு. புழுவை நாமளே தின்னுட்டா மீனுக்கு எங்க போறது?" என்பார் வெர்லின்.

வெர்லின் மூன்று வருடமாக ஒரே மீனுக்குத்தான் காத்திருந்தார். மரத்தில் கட்டி வைத்த கேமராவில் மட்டும் வந்துபோகும் ஒரு பெரிய கிடா அது. இடது காது இரண்டாகக் கிழிந்திருக்கும். ஊர்ப் போலீஸ் அதிகாரியைப்போல எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகே வருவதால் அதற்கு ஷெரீஃப் என்று பெயர் வைத்திருந்தார். அதன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டிலும் காட்டுவார், சாவு வீட்டிலும் காட்டுவார்.

போன வருடம் மார்லிஸ் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். பெட்டைகள் அவர் பரணுக்குக் கீழே நின்று சுள்ளி கடித்தன, விட்டுவிட்டார். வெர்லினுக்கு ஷெரீஃப் வரவில்லை. கடைசி வாரம் மழையும் ஈரப்பனியுமாகக் கொட்டி ஒரு மானும் நகரவில்லை. பள்ளி வேலையால் மார்லிஸுக்கு சனி, ஞாயிறு மட்டும்தான் காடு. வேட்டைக்காலம் முடிந்தது, ஃப்ரீசர் காலி. அந்தக் குளிர்காலத்தில் சர்ச் கொடுத்த டின் உணவை மார்லிஸ் என்னென்னவோ செய்து பார்த்தார். பெரிய பையன் ஒருநாள், தனக்குப் பசிக்கவில்லை என்று தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினானாம். இதைச் சொல்லும்போது மட்டும் மார்லிஸ் கேரட்டை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வருடம் வேட்டை தொடங்குவதற்கு முந்தின மாலை, வழக்கம்போல வெர்லின் வீட்டுக் கராஜில் கூடினார்கள். வெர்லினின் மனைவி ஜோன் பெரிய சட்டியில் பீன்ஸும் கறியும் கொதிக்க வைத்திருந்தார். மார்லிஸ் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தையை மெதுவாக எடுத்தார். இந்த வருடம் முதல் வாரத்திலேயே ஒரு பெட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"சாப்பாட்டுக்கு நான் ஒண்ணு சுட்டுத் தர்றேன்னு போன வருஷமே சொன்னேனே" என்றார் வெர்லின்.

"சொன்னே. சொன்னதை வறுக்க முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். "ஷெரீஃப் விழட்டும் மார்லிஸ். அப்புறம் காட்டையே சுட்டு எடுத்துட்டுப் போ. அதுக்கு முன்னாடி பெட்டை மேல கை வச்சா, யாரா இருந்தாலும் அடுத்த வருஷம் வேற காடு பாத்துக்க வேண்டியதுதான்."

அவர் அதை மார்லிஸைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டியைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்து இருட்டும்வரை மார்லிஸ் தெற்குப் பரணில் உட்கார்ந்திருந்தார். ஒரு குட்டிக்கிடா வந்தது, சுட வாகு கொடுக்காமல் போனது. வடக்குப் பரணில் வெர்லினுக்கு அணில்தான் துணை. சாயங்காலம் ரேடியோவில் அடுத்த வார இறுதிக்குப் பெரும் பனிப்புயல் வருகிறது என்றார்கள். மார்லிஸ் வண்டியை ஓரமாக நிறுத்தி, அதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். வேட்டைக்காலமும் அந்த வார இறுதியோடு முடிந்துவிடும். ஆகவே அவருக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

ஞாயிறு காலையும் அதே தெற்குப் பரண். காற்றே இல்லை. புல் நுனியெல்லாம் உறைபனி. இலை உதிர்ந்த ஆஸ்பென் மரங்களுக்கு அப்பால் ஆல்டர் புதர், அதற்கும் அப்பால் சதுப்பு. இப்படிப்பட்ட காலையில் ஓர் எலி ஓடினாலும் குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். அதனால் அவர் விரலைக்கூட அசைக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று நினைத்தாராம். டேல் மாத்திரை எடுத்துக்கொண்டாரா என்று நினைத்தாராம்.

அப்போது சதுப்புப் பக்கம் ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்டது. பெட்டை ஒன்று ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது, வயிறு ஏறி இறங்கியது. வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி நீட்டி வைத்திருந்தது. பரணுக்கு எதிரே வெட்டவெளியில் வந்து பக்கவாட்டில் நின்றது. நின்று, முன்னால் பார்க்காமல் பின்னால் திரும்பிப் பார்த்தது.

பெட்டை அப்படித் திரும்பிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் கிடா வருகிறது.

மார்லிஸ் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தார். முதலில் இது வளர்ந்த பெட்டைதானா என்று பார்த்தார். இணைசேரும் நாட்களில் கிடாக்கள் குட்டிகளைத் தாயிடமிருந்து விரட்டிவிடும். தனியாக அலையும் குட்டி, பக்கத்தில் ஒப்பிட வேறு மான் இல்லாதபோது, முழுப் பெட்டையாகத் தெரியும். ஒருமுறை அப்படி ஏமாந்து மார்லிஸ் ஒரு குட்டியைச் சுட்டிருக்கிறார். அதை இழுத்துவரக் கயிறு எடுத்தபோது வெர்லின், "கயிறு எதுக்கு, பாக்கெட்ல வச்சு எடுத்துட்டு வா" என்றார். அந்தப் பேச்சு வருடக்கணக்கில் ஓடியது. இந்தமுறை மார்லிஸ் அவசரப்படவில்லை. மூக்கு நீளம், கழுத்து நீளம், முதுகு நேராக இல்லாமல் நடுவில் லேசாக இறங்கியிருந்தது. வயதான, கொழுத்த பெட்டை. பின்னால் குட்டியும் இல்லை.

விரல் விசைக்குப் பக்கத்தில் வந்தது. நின்றது.

சுட்டால் இந்தக் காடு போகும். டேல் நன்றாக இருந்தால் பொதுக்காட்டில் எங்காவது போய், இருவரும் சேர்ந்து இழுத்து வந்துவிடலாம். தனியாக, பாதை இல்லாத சதுப்பிலிருந்து ஒரு மானை அவரால் இழுக்க முடியாது. சுடாவிட்டால் இந்தக் குளிர்காலம் போன குளிர்காலமாகும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. மூச்சை அடக்கினார்.

பெட்டைக்குப் பின்னால் ஆல்டர் புதர் அசைந்தது. அடித்தொண்டையில் பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தம். புதருக்கு மேலே முதலில் கொம்புகள் வந்தன, பிறகு முகம். இடது காது இரண்டாகக் கிழிந்திருந்தது.

ஷெரீஃப்.

இந்த இடத்தில்தான் ஊர் இரண்டாகப் பிரிகிறது. அவர் கையில் இருந்த வேட்டை அனுமதிச் சீட்டு ஒரு மானுக்கானது. ஆணோ பெண்ணோ, அவர் விருப்பம். ஷெரீஃபைச் சுட்டிருந்தால் வெர்லினின் சட்டம் மீறப்படாது, கறியும் அதிகம் கிடைக்கும், ஊரே கைகொடுத்திருக்கும் என்கிறார்கள் பெட்ரோல் பங்கில். நானும் அதைத்தான் கேட்டேன்.

மார்லிஸ் சொன்ன காரணங்களில் சில எல்லாருக்கும் புரியும். கிடாவின் உடம்பு புதருக்குள் இருந்தது. குண்டு ஒரு சுள்ளியில் பட்டுத் திசை மாறினால் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து சாகும். பெட்டையோ தடையில்லாமல் நின்றது. ஆனால் கொஞ்சம் காத்திருந்தால் கிடாவும் வெளியே வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடியும் இருக்கலாம். தவிர, இணைசேரும் நேரத்துக் கிழட்டுக் கிடாவின் கறி வீச்சம் அடிக்கும். அப்படிப்பட்ட கறியில் வெர்லின் முன்னொரு வருடம் செய்த சாசேஜை நாய்தான் தின்று முடித்தது.

கடைசியில் தட்டைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது இது: "அவனை நான் சுட்டிருந்தா வெர்லினால ஒரு வார்த்தை திட்ட முடியாது. சிரிச்சுக்கிட்டே கைகொடுப்பான். அப்புறம் சாகுற வரைக்கும் உள்ளுக்குள்ள வச்சிருப்பான். பெட்டையைச் சுட்டா வாய்விட்டுத் திட்டுவான். வாய்விட்டுத் திட்டுற கோபம் எனக்குப் பரவாயில்லை."

அவர் பெட்டையைச் சுட்டார்.

பெட்டை துள்ளி, கொஞ்ச தூரம் ஓடி, கோரைப்புல்லில் விழுந்தது. ஷெரீஃப் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. மார்லிஸ் அடுத்த குண்டை ஏற்றி, பெட்டை எழுகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழவில்லை.

ஷெரீஃப் திரும்பி வந்தது. மெதுவாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, விழுந்த பெட்டையிடம் வந்து நின்றது. கொம்பின் நுனியால் அதன் முதுகைத் தள்ளிப் பார்த்தது. எழுந்திரு, போகலாம் என்பதுபோல. பிறகு அங்கேயே காவல் காப்பதுபோல நின்றுகொண்டது. வெட்டவெளியில், உடம்பு முழுவதும் தெரிய, மூன்று வருடமாக யாரும் பார்க்காத மான் நின்றது.

மார்லிஸின் சீட்டு தீர்ந்துவிட்டது. ஒரே கூட்டமாக வேட்டையாடுகிறவர்கள் ஒருவர் சீட்டில் மற்றவர் சுடுவது எங்கள் மாநிலத்தில் செல்லும். வெர்லினின் சீட்டில் இதைச் சுடலாம். அது மார்லிஸுக்கும் தெரியும். ஆனால் வெர்லினின் ஆசையை வெர்லினின் பெயரிலேயே தான் தீர்த்துவைப்பதைவிடப் பெரிய பாவம் உண்டா என்று நினைத்துத் துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

போன் அதிர்ந்தது. வெர்லின் கேட்டிருந்தார்: "கிடாவா?"

இப்போது பயம் வேறு மாதிரி வந்தது. ஷெரீஃப் இங்கே நிற்கிறது, சத்தமில்லாமல் வா என்று எழுதினால் போதும். ஆனால் மான் நிற்கும் இடத்தைப் போனில் சொல்லி வேட்டையாடுவது எங்கள் மாநிலத்தில் குற்றம். வெர்லின் இதில் மகா கண்டிப்பு. அப்படிச் செய்ததற்காகத் தன் சொந்த மச்சினனையே காட்டைவிட்டு அனுப்பியவர். எழுதினாலும் தப்பு, எழுதாவிட்டாலும் தப்பு. பாதி எழுதி அழித்தார். கடைசியில் "பெட்டை" என்று மட்டும் அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் வடக்குப் பக்கம் சுள்ளி ஒடியும் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் பெரிய சத்தம். உறைந்த குட்டையை மிதித்துக்கொண்டு, கிளைகளை ஒடித்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்பது வருடமாக இலை மேல் பூனைபோல நடந்து பழகிய வெர்லின், அன்று கோபத்தில் வேட்டைக்காரன் என்பதை மறந்துவிட்டார். துப்பாக்கி முதுகில் தொங்கியது.

ஷெரீஃப் தலையைத் தூக்கியது. மார்லிஸ் பரணில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நில், அப்படியே நில் என்று. ஆனால் தூரத்தில் வந்துகொண்டிருந்த வெர்லினுக்கு அது மன்னிப்புக் கேட்பதுபோலத் தெரிந்திருக்கிறது.

"கையை இறக்கு, நான் என்ன போலீஸா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

கத்திய பிறகுதான் பார்த்தார். கல்லெறியும் தூரத்தில் கோரைப்புல்லுக்கு மேலே கிழிந்த காதும் அந்தக் கொம்பும் தெரிந்தன. வெர்லின் முதுகிலிருந்து துப்பாக்கியை எடுப்பதற்குள் வெள்ளை வால் ஆடி மறைந்தது. அவ்வளவுதான்.

மார்லிஸ் இறங்கி வந்தார். வெர்லின் பெட்டைக்குப் பக்கத்தில் நின்று, கிடா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா நின்னான்?"

"நீ வர்ற வரைக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மார்லிஸ்."

"போன்லயா?"

வெர்லின் குனிந்து பெட்டையின் காதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிராமலே சொன்னார்: "நல்ல பெட்டை. அடுத்த வருஷம் வேற காடு பாத்துக்கோ."

சொல்லிவிட்டு, மார்லிஸ் கையிலிருந்த கயிற்றை வாங்கி, தானே முன்னால் கட்டி இழுக்க ஆரம்பித்தார். வண்டிவரை இருவரும் இழுத்துப் போனார்கள். டிரக்கில் தூக்கிப் போடும்போது மட்டும் வெர்லின் "ஒண்ணு, ரெண்டு" என்றார்.

அந்த வாரம் மார்லிஸ் சமையலறையில் உப்பை இரண்டு தடவை போட்டார். வீட்டில் ஃப்ரீசர் நிறைந்துவிட்டது; பையன்கள் முதல் நாளே கல்லீரலை வெங்காயத்தோடு வறுத்துத் தின்றார்கள். ஆனால் மார்லிஸ் பொதுக்காட்டு வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, வண்டி போகும் பாதையை விரலால் தேடிக்கொண்டே இருந்தார். தேடிய பாதையெல்லாம் சதுப்பில் போய் முடிந்தது. டேல் அண்ணனிடம் பேசட்டுமா என்று கேட்டார். மார்லிஸ் வேண்டாம் என்றுவிட்டார். "சட்டத்தை மீறினது நான், கேக்க வேண்டியதும் நான்தான்" என்றார்.

சொன்னபடியே புயல் வந்தது. வெர்லின் அதிலும் காட்டுக்குப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். வேட்டைக்காலம் முடிந்த அன்று மாலை, மார்லிஸ் ஒரு பின்னந்தொடையைச் சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு வெர்லின் வீட்டுக்குப் போனார். யாருடைய காட்டில் மான் விழுந்ததோ அவர்களுக்கு ஒரு தொடை கொடுப்பது எங்கள் வழக்கம். சண்டை இருந்தாலும் கொடுக்க வேண்டும். வாசலில் நின்று மணியை அழுத்தலாமா, வாசலிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது.

வெர்லின் தொடையை வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கினார். உள்ளே கூப்பிடவில்லை, கதவை மூடவும் இல்லை. கேட்க வேண்டியதை பல நாளாக மனதில் வைத்திருந்தவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷெரீஃப் எந்தப் பக்கமிருந்து வந்தது? பெட்டை விழுந்த பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்பியது? கொம்பால் தள்ளியது உண்மைதானா? மார்லிஸ் ஒன்றுவிடாமல் சொன்னார். குளிரில் பாதம் மரத்துப்போயிற்று.

வெர்லின் தாடையைச் சொறிந்தார்.

"செத்த புழுவுக்கும் மீன் வருது போலிருக்கு" என்றார். பிறகு வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த வருஷம் முதல் நாள் விடிஞ்சதும் ஒரு பெட்டையைச் சுட்டுடு. சுட்டுட்டு இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடு. கோவிச்சுக்க எனக்கு நேரம் இருக்கக் கூடாது."

மார்லிஸ் சரி என்றார். வெர்லின் முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஆனா தெக்குப் பரண் எனக்கு. நீ சதுப்புப் பரண்ல உக்காரு."

அதற்கும் சரி என்றார். பாதி வழி வந்த பிறகுதான் சதுப்புப் பரண் எப்படிப்பட்டது என்று அவருக்கு உறைத்தது. நாலு பக்கமும் இலை உதிராத அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரம், குதிரை நின்றாலும் தெரியாது. மறுநாள் காலை நான் சமையலறைக்குள் நுழையும்போதே, அங்கே எந்தெந்தக் கிளையை வெட்டினால் சுடுவதற்கு வழி கிடைக்கும், வெர்லின் அதற்குச் சம்மதிப்பாரா, சம்மதித்தாலும் டேல் இல்லாமல் ஏணியை யார் பிடிப்பது என்று ஆரம்பித்துவிட்டார். ஏணியை நான் பிடிக்கிறேன் என்றேன்.

"நீ பிடிப்பே. ஏணி நல்லா இருக்கணுமே" என்றார் மார்லிஸ்.